சம்பந்தியும் ஒன்பதாவது மானும்

மெல்பேர்னில், டலமரீன் விமான நிலையத்தில் பெட்டிகளைக் கொடுத்துவிட்டு நின்றபோது மகள் என்னை ஒரு தூணுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனாள். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். விமானத்தில் போக வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், நானும் மனைவியும் மட்டும் நமீபியாவுக்குப் புறப்பட்டிருந்தோம்.

"அப்பா, மாமா என்ன சொன்னாலும் ஓம் எண்டு மட்டும் சொல்லுங்கோ. பிழையா இருந்தாலும் கரெக்ட் பண்ணாதேங்கோ. ப்ளீஸ்."

மாமா என்றது அவளுடைய மாமனாரை. எனக்குச் சம்பந்தி. கோயம்புத்தூர்க்காரர், பஞ்சாலை ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் யாழ்ப்பாணம். நான் கட்டட வேலைகளுக்கு அளவும் கணக்கும் எடுத்துச் சம்பளம் வாங்கியவன். ஒரு சுவரைப் பார்த்தால் அதில் எத்தனை கல் என்று சொல்வேன். சொல்லாமல் இருப்பது எனக்குக் கடினம்.

மகளின் கலியாணம் மெல்பேர்னில், கேரம் டவுன்ஸ் கோயிலில் நல்லபடியாக நடந்தது. அன்று மாலை விருந்தில் சம்பந்தி மேடையேறி நன்றி சொன்னார். "எண்ணூறு பேர் வந்து வாழ்த்தியிருக்கீங்க" என்றார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். "அறுநூற்றுப் பன்னிரண்டு" என்றேன். ஒலிவாங்கி என் பக்கமும் திரும்பியிருந்தது எனக்குத் தெரியாது. மண்டபம் முழுவதும் சிரித்தது. சம்பந்தி கையில் இருந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கினார். கதிரை வரிசைகளைப் பெருக்கி, வெறுங்கதிரைகளைக் கழித்து, நின்றவர்களைக் கூட்டி எடுத்த எண் அது. சரியான எண்.

அதன் பிறகு அவர் மெல்பேர்ன் பக்கம் வரவில்லை. மருமகன் கூப்பிடும்போதெல்லாம் தோட்டத்தில் வேலை இருக்கிறது என்பார், அல்லது வாய்க்கால் தண்ணீர் முறை என்பார். ட்ருகனினாவில் மருமகன் கட்டிய வீட்டின் முன்னறையில் நானும் மனைவியும் இருக்கிறோம். மருமகளின் தாய் தகப்பன் இருக்கும் வீட்டில் போய் மாதக்கணக்கில் தங்குவது அவர்கள் பக்கத்தில் அவ்வளவு கௌரவமான காரியம் இல்லை. அந்த ஒலிவாங்கிக் கதைக்குப் பிறகு கௌரவம் இன்னும் குறைவு. மருமகன் வாய்விட்டு ஒன்றும் சொல்லமாட்டான். தகப்பனோடு பேசி முடித்ததும் வெளியே போய், காலையில் தண்ணீர் விட்ட புல்லுக்கே மறுபடியும் தண்ணீர் விடுவான்.

இப்போது பிள்ளை வரப்போகிறது. அது பிறக்கும்போது தன் தாயும் தகப்பனும் அந்த வீட்டில் இருக்க வேண்டும் என்பது அவனுடைய ஆசை. மகளுக்கு அந்த ஆசை அவனைவிட அதிகம். அவர்கள் வருவதும் வராததும் என் வாயில் இருக்கிறது என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். நான் ஓம் என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்படித்தான். இதே மாதிரி" என்றாள்.

மருமகனின் அக்காள் விண்ட்ஹூக்கில் மருத்துவராக இருக்கிறாள். அவளுடைய குழந்தைக்குக் காது குத்து. அதற்குத்தான் நாங்கள் மெல்பேர்னிலிருந்தும் அவர்கள் கோயம்புத்தூரிலிருந்தும் போயிருந்தோம். காது குத்து முடிந்த மறுநாளே எங்களை வடக்கே உள்ள பெரிய வனவிலங்குப் பூங்காவுக்கு அனுப்ப அவள் ஏற்பாடு செய்திருந்தாள். நாலு பெரியவர்கள், ஒரு கார், நாலு நாள். இதில் மெல்பேர்னில் இருந்த மகள், மருமகனின் கையும் இருந்தது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

கார் உயரமான, நாலு சில்லும் இழுக்கும் வண்டி. நான் முதலில் உபரிச் சில்லுகளைப் பார்த்தேன். இரண்டு இருந்தன. காற்றைச் சோதித்தேன். தண்ணீர்ப் போத்தல்கள் போதாது என்று இன்னும் ஒரு பெட்டி வாங்க வைத்தேன். அங்கேயும் மெல்பேர்ன் மாதிரி இடது பக்கம் ஓட்டுவதால் நானே ஓட்டுவதாக முடிவாயிற்று. முன் இருக்கையில் யார் அமர்வது என்பதில் சம்பந்தியும் என் மனைவியும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக் கொண்டே வெயிலில் நின்றார்கள். கடைசியில் சம்பந்தி வரைபடத்தை எடுத்துக்கொண்டு முன்னால் ஏறினார். "நீங்க ஓட்டுங்க சம்பந்தி, வழிய நான் சொல்றனுங்க."

சிங்கம் பார்க்கத்தான் எல்லாரும் அங்கே போகிறார்கள். எனக்குச் சிங்கத்தில் ஆசை இல்லை. சிங்கத்தை ஒன்று, இரண்டு என்று எண்ணி முடித்துவிடலாம். மான் அப்படி இல்லை. அந்தப் பூங்காவில் பார்க்கக்கூடிய மான் சாதிகளில் ஒன்பதை நான் மனதில் குறித்திருந்தேன். அவற்றில் இரண்டொன்றை மெல்பேர்னுக்குப் பக்கத்தில் வெரிபீயில் உள்ள விலங்குக் காட்சிச்சாலையில் பார்த்திருக்கிறேன். ஆனால் வேலிக்குள் நிற்பதை எண்ணுவது எண்ணிக்கை ஆகாது. ஓய்வு பெற்றபோது பிள்ளைகள் வாங்கித் தந்த, நீண்ட குழல் வைத்த கமரா ஒன்று என்னிடம் இருந்தது. ஒன்பதையும் காட்டில் பார்க்க வேண்டும், ஒன்பதையும் படம் எடுக்க வேண்டும்.

பூங்காவின் உட்பாதை வெள்ளை மண். காரைச் சுற்றிச் சுண்ணாம்பு மாதிரித் தூசி எழும். முதல் திருப்பத்திலேயே ஸ்பிரிங்பொக் என்ற மான் கூட்டம் நின்றது. இலவங்கப்பட்டை நிற முதுகு, வெள்ளை வயிறு, நடுவில் ஒரு கறுப்புக் கோடு, யாரோ அளவுகோல் வைத்து இழுத்தது மாதிரி. பத்தை எண்ணி, அந்தப் பத்து எத்தனை விரல் அகலம் என்று கையை நீட்டிப் பார்த்து, மொத்த அகலத்தால் பெருக்கினேன்.

"நூற்று நாற்பது" என்றேன்.

"கரெக்டுங்க சம்பந்தி" என்றார் அவர். பிறகு கண்ணாடியை இறக்கி, கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிட்டு, பின்னால் திரும்பிப் பெண்களுக்கு விளக்கினார். "புள்ளிமானுங்க."

அவற்றில் ஒன்றின் உடம்பிலும் ஒரு புள்ளிகூட இல்லை. நான் சுக்கானை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "ஓம்" என்றேன்.

அன்று மாலைக்குள் இன்னும் இரண்டு வகை கிடைத்தது. கூடூ என்ற மான் திருகுக் கொம்போடு புதருக்குள்ளிருந்து மெதுவாக வெளியே வந்தது. உடம்பில் வெள்ளைக் கோடுகள், சாம்பல் நிறம், ஒரு பெரிய மனிதருடைய நடை. சம்பந்தி கலைமான் என்றார். ஓம். பிறகு வில்டபீஸ்ட். தாடியும் வளைந்த கொம்புமாக அதைப் பார்த்தால் எருமை மாதிரித்தான் இருக்கும். ஆனால் மான் சாதி. என் மூன்றாவது. சம்பந்தி அதைக் காட்டெருமை என்றார். ஓம் என்றேன். பின்னால் இருந்த மனைவி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். ஆசுபத்திரியில் நோயாளியைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

ஆனால் இவையெல்லாம் காருக்குள் இருந்தவரை தாங்கிக்கொள்ளலாம். சம்பந்தி ஒவ்வொரு மாலையும் தங்குமிடத்தின் முன்றிலில் அமர்ந்து, அன்றைய படங்களைத் தலைப்பிட்டு இரண்டு குடும்பமும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கோயம்புத்தூர், யாழ்ப்பாணம், ரொறன்ரோ, மெல்பேர்ன் எல்லாம் அதில் இருந்தன. ஓரிக்ஸ் என்ற மானுக்கு ஈட்டிபோல நீண்ட இரண்டு நேர்க்கொம்புகள். அவர் அதைப் பக்கவாட்டில் எடுத்திருந்தார். இரண்டு கொம்பும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஒன்றாகத் தெரிந்தது. "ஒற்றைக்கொம்பு மான். அபூர்வம்" என்று கீழே எழுதியிருந்தார். ரொறன்ரோவிலிருந்து என் ஒன்றுவிட்ட அண்ணன் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டார்.

நான் பதில் எழுத ஆரம்பித்தேன். மனைவி என் கைப்பேசியை வாங்கித் தன் கைப்பையில் போட்டு இழுத்து மூடினாள்.

பெண்கள் இரண்டு பேருக்கும் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. சம்பந்தியம்மா கொண்டுவந்த தட்டை முறுக்கும் என் மனைவி போத்தலில் ஊற்றி வைத்த தேநீரும் பின்னிருக்கையில் போய் வந்துகொண்டே இருந்தன. பிரசவமான பெண்ணுக்கு என்ன கொடுப்பது என்பதில் அவர்கள் பல தடவை முரண்பட்டார்கள். என் மனைவி சரக்கரைத்த குழம்பு என்பாள். அந்த அம்மா பூண்டுக் களி என்பார். இருவரும் மற்றவருடையதைப் பிழை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள், பிறகு தட்டையைக் கடித்தார்கள். அது எப்படி அவர்களால் முடிகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

மூன்றாம் நாள் இரவு படுக்கும்போது மனைவி ஒரு செய்தி சொன்னாள். அந்த அம்மாவுக்கு மெல்பேர்ன் வர நல்ல விருப்பம். சம்பந்திதான், அந்த வீட்டில் நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்கிறாராம். நான் எழுந்து உட்கார்ந்தேன். மூன்று நாளாக நான் அவரை ஒரு சொல்கூட மறுக்கவில்லை. என்னால் இதைவிட அதிகமாக எப்படி ஓம் சொல்ல முடியும்? இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. "நாளைக்கும் அப்பிடியே இருங்கோ" என்று சொல்லிவிட்டு அவள் தூங்கிவிட்டாள்.

நாலாம் நாள் மதியத்துக்குள் எட்டு வகை முடிந்திருந்தது. எட்டாவது டிக்டிக். பூனையைவிடக் கொஞ்சம் பெரிது, கண் மட்டும் பெரிய மானின் கண். சம்பந்தி அதை மான்குட்டி என்றார். மிச்சம் ஈலண்ட். மான்களிலேயே பெரியது. கார்ச் சத்தம் கேட்டாலே வெகுதூரம் போய்விடும் என்று படித்திருந்தேன். அதைப் பார்க்கும் ஆசையை விட்டுவிட்டேன். மூன்றரை மணிக்கே தங்குமிடத்துக்குத் திரும்பலாம் என்று சொன்னேன். சூரியன் மறையும்போது தங்குமிடத்தின் வாயிலை மூடிவிடுவார்கள். அதன் பிறகு பூங்காவுக்குள் யாரும் கார் ஓட்டக்கூடாது, காரைவிட்டு இறங்கவும் கூடாது. எனக்கு அந்த வாயில் முதல் நாளிலிருந்தே கவலை.

பாதை ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்தது. வெள்ளையடித்த கல்லில் பெயர்கள் எழுதியிருந்தன. எங்கள் தங்குமிடத்தின் பெயரும் வலது பக்கம் காட்டும் அம்புக்குறியும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன. சம்பந்தி வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், கல்லை அல்ல.

"லெஃப்டுங்க சம்பந்தி" என்றார்.

நான் காரை நிறுத்தினேன். அவர் என்னைப் பார்த்தார். மகள் தூணடியில் நின்றது நினைவு வந்தது. இடது பக்கம் போகும் பாதையும் எங்காவது சுற்றி வந்து சேரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "ஓம்" என்று சொல்லி இடது பக்கம் திருப்பினேன்.

பாதை ஒடுங்கிக்கொண்டே போனது. மரங்கள் கிட்டக்கிட்ட வந்தன. முகத்துக்கு நேரே அடிக்க வேண்டிய வெயில் என் தோளில் அடித்தது. சம்பந்தி இரண்டு தடவை வரைபடத்தைத் திருப்பிப் பிடித்தார், தொண்டையைச் செருமினார், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அரை மணிக்கு மேல் ஓடியபின் பாதை ஒரு நீர்க்குட்டையைச் சுற்றி வளைந்து, வந்த வழியிலேயே போய்ச் சேர்ந்தது. அதற்கு அப்பால் பாதை இல்லை. நான் காரை நிறுத்தி இயந்திரத்தையும் நிறுத்தினேன்.

"இஞ்சாருங்கோ," என்றாள் மனைவி, "இது போற பாதையே?"

"சம்பந்தி சொன்னவர்" என்றேன்.

சம்பந்தி வரைபடத்தை மடித்தார். "நான் சொன்னது தப்புன்னு பத்து நிமிசத்துலயே தெரிஞ்சுதுங்க. ஆனா சம்பந்தி ஒண்ணும் சொல்லாமத் திருப்புனாரு. அவரு கணக்கெல்லாம் தெரிஞ்சவரு, ஏதோ குறுக்கு வழியாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டனுங்க."

"உங்களுக்குத் தெரியுமே?" என்று மனைவி என்னைக் கேட்டாள்.

"கல்லில வலது எண்டு எழுதியிருந்தது."

பின்னிருக்கையில் சம்பந்தியம்மா தட்டை டப்பாவை மூடும் சத்தம் கேட்டது.

"ஏனுங்க," என்றார் தன் கணவரிடம், "பையன் என்ன சொல்லி அனுப்புனான்? மாமாகிட்ட வாதாடாதீங்க, அவரு எண்றப்ப குறுக்க பேசாதீங்கன்னு சொன்னான். வழி தப்புனாக்கூட வாயத் தொறக்காதீங்கன்னா சொன்னான்?"

நான் திரும்பிப் பார்த்தேன். "உங்களுக்கும் சொன்னதே?"

"உங்களுக்கு ஆருங்க சொன்னது?" என்றார் சம்பந்தி.

என் மனைவிதான் முதலில் சிரித்தாள். சம்பந்தியம்மாவும் சேர்ந்துகொண்டார். முன்னால் இருந்த எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று நான் கையை நீட்டி விரலால் அளந்துகொண்டிருந்தேன். உடனே திரும்பினால் வாயில் மூடுவதற்குள் போய்விடலாம். சாவியில் கை வைத்தேன்.

"இருங்க" என்றார் சம்பந்தி மெதுவாக. "மாடு வந்துருச்சுங்க."

குட்டையின் மறுகரையில், மரங்களுக்கு இடையிலிருந்து அவை ஒவ்வொன்றாக வந்தன. பழுப்பு உடம்பு, கனத்த கழுத்து, கழுத்துக்குக் கீழே தொங்கி ஆடும் தோல். தோளில் மேடு. காட்டுக்குள் யாரோ மேய்ச்சலுக்கு விட்டதுபோல, அவசரமே இல்லாமல் தண்ணீருக்கு இறங்கின.

"எங்க ஊரு காங்கேயம் காளையேதானுங்க" என்றார் சம்பந்தி. "இந்தக் காட்டுக்குள்ள மாட்ட உட்டது ஆரு?"

"இல்லை" என்றேன்.

அந்தச் சொல் எப்படி வந்தது என்று தெரியவில்லை. நாலு நாளாகத் தொண்டையில் நின்றது.

"இல்லை சம்பந்தி. அது மாடில்லை. ஈலண்ட். மான் சாதி."

அவர் முழு உடம்பையும் என் பக்கம் திருப்பினார். "மானா? அலைதாடியப் பாருங்க. திமிலப் பாருங்க. எந்த மானுக்கு அலைதாடி இருக்குது?"

"கொம்பைப் பாருங்கோ. முறுக்கின கொம்பு. எந்த மாட்டுக்கு உப்பிடிக் கொம்பு?"

"நான் மாட்டோட பொறந்து வளந்தவனுங்க."

"நான் மாட்டைப் பற்றிக் கதைக்கேல்லை. மானைப் பற்றிக் கதைக்கிறன். பதினொரு ஈலண்ட் நிக்குது, நீங்கள் மாடெண்டு சொல்லுறியள்."

"பன்னெண்டுங்க."

"பதினொண்டு."

"சம்பந்தி, நானும் நாலு நாளாப் பாக்கறேன்." அவர் கையிலிருந்த கைப்பேசியால் குட்டையைக் காட்டினார். "நீங்க எண்றப்ப நிக்கறத மட்டுந்தான் எண்றீங்க. படுத்திருக்கறத எண்றதே இல்லீங்க. மொத நாள் அந்தப் புள்ளிமான்ல..."

"அது புள்ளிமான் இல்லை. ஒரு புள்ளி காட்டுங்கோ பாப்பம்."

"...படுத்திருந்ததே முப்பது இருக்கும். நூத்து நாப்பதுன்னீங்க. நான் கரெக்டுன்னு சொல்லிட்டு வாய மூடிட்டேன்."

"கரெக்ட் எண்டு நீங்கள் சொன்ன மாதிரியே எனக்குப் பிடிக்கேல்லை."

"எனக்குமுங்க, நீங்க ஓம் சொன்னது."

இது எல்லாம் முதலில் கிசுகிசுப்பாகத்தான் தொடங்கியது. கடைசிவரைக்கும் அப்படியே இருந்ததா என்று சொல்ல மாட்டேன். மறுகரையில் மரநிழலில், நான் மண்மேடு என்று நினைத்திருந்த ஒன்று முன்கால்களை ஊன்றி எழுந்து நின்றது. பன்னிரண்டாவது. சம்பந்தி அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அதே நேரத்தில், எங்கள் சத்தத்தாலோ வேறு எதனாலோ கூட்டம் மிரண்டது. இளசு ஒன்று, வழியில் நின்ற இன்னொன்றின் முதுகுக்கு மேலாக, ஓடி வராமல் நின்ற இடத்திலிருந்தே எழும்பித் தாவி அந்தப் பக்கம் இறங்கியது. அவ்வளவு பெரிய உடம்பு ஒரு கணம் முழுதாகக் காற்றில் இருந்தது.

நான் சம்பந்தியின் பக்கம் திரும்பினேன்.

"மாடு தாவுமே, சம்பந்தி?"

அவர் நன்றாக யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "தாவாதுங்க. மான்தான்." பிறகு, "ஆனா பன்னெண்டுங்க" என்றார்.

"ஓம். பன்னெண்டு."

அவை மரங்களுக்குள் போகும்போது டக், டக் என்று ஒரு சத்தம் கேட்டது. ஈலண்ட் நடக்கும்போது கால் மூட்டு அப்படிச் சொடுக்கும் என்று விளக்கினேன்.

"என்ற முட்டியாட்டவே" என்றார் சம்பந்தியம்மா, தன் முழங்காலைத் தடவிக்கொண்டு.

எல்லாம் போன பிறகு மனைவி கேட்டாள், "படம் எடுத்தனீங்களே?"

கமரா என் மடியில் இருந்தது. அதன் மூடியைக்கூட நான் கழற்றவில்லை. சம்பந்தி தன் கைப்பேசியைப் பார்த்தார். அதை அவர் இவ்வளவு நேரமும் குட்டையையும் என்னையும் சுட்டிக்காட்டத்தான் பயன்படுத்தியிருந்தார். ஒன்பதாவது மானுக்கு ஒரு படமும் இல்லை. முதலில் அது என்னைச் சுட்டது. பிறகு சூரியனைப் பார்த்தேன், அதை மறந்தேன்.

திரும்பி வரும் வழி முழுவதும் சண்டைதான். சம்பந்தி வேகமாகப் போங்க என்றார், நான் அறுபதுக்கு மேல் போகக்கூடாது என்றேன். அவர் சூரியன் இறங்கிவிட்டது என்றார், நான் இன்னும் ஒரு விரல் இருக்கிறது என்றேன். பாதை பிரியும் இடத்துக்கு வந்தபோது அவர் கல்லில் எழுதியிருந்ததை உரத்து வாசித்து, "இப்பவாச்சும் சொல்லுங்க, நான் சொல்றது சரிங்களா?" என்று கேட்டார். சரி என்றேன். வாயிலை அடைந்தபோது காவலாளி அதைப் பாதி மூடியிருந்தார். ஏன் பிந்தினீர்கள் என்று கேட்டார். நான் சம்பந்தியைக் காட்டினேன். சம்பந்தி என்னைக் காட்டினார். காவலாளி பின்னிருக்கையில் இருந்த இரண்டு பெண்களையும் குனிந்து பார்த்தார். அவர்கள் முகத்தில் என்ன கண்டாரோ, ஒன்றும் பேசாமல் கதவைத் திறந்துவிட்டார்.

இரவுச் சாப்பாட்டுக்கு நாலு பேரும் ஒரு மேசையில் இருந்தோம். தங்குமிடத்தின் வரவேற்பறையில் விலங்குகளைப் பற்றிய புத்தகம் ஒன்று இருந்தது. அதை வாங்கி வந்து ஈலண்ட் பக்கத்தைத் திறந்து சம்பந்திக்கு முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். மான் என்றுதான் போட்டிருந்தது. ஆனால் அதற்குக் கீழே, மற்ற மான்களைவிட மாட்டினத்துக்குத்தான் அது நெருங்கிய உறவு என்றும் போட்டிருந்தது. நான் அந்த வரிவரைக்கும் படித்திருக்கவில்லை. சம்பந்தி அதில் விரலை வைத்து, சாப்பாடு முடியும்வரை விரலை எடுக்கவே இல்லை.

பிறகு தானாகவே கலியாணப் பேச்சை எடுத்தார்.

"எண்ணூறுன்னு நானும் எண்ணிச் சொல்லலீங்க. மேடையேறி அறுநூத்துப் பன்னெண்டு பேர் வந்திருக்கீங்கன்னு ஆராச்சும் சொல்லுவாங்களா?"

"ஏன் சொல்லக்கூடாது?" என்று கேட்டேன். எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

அவர் சிரித்தார். "அது போச்சாதுங்க, விடுங்க. அன்னைக்குக் கோபந்தான், ஊருக்குப் போய் எறங்கறப்பவே ஆறிப்போச்சு. அதுக்கப்பறம் ஃபோன்ல பேசறப்பெல்லாம் நீங்க ஓம், ஓம், நல்லதுன்னு மட்டும் பேசுனீங்க பாருங்க. பையனும் அப்படியே, மருமகளும் அப்படியே. ஆளாளுக்கு என்னையக் கண்ணாடிப் பாத்திரமாட்ட எடுத்து எடுத்து வெக்கறீங்க. அந்த வீட்டுல வந்து மாசக்கணக்குல அப்படி உக்கார என்னால ஆகாதுங்க."

அலைபேசியில் ஓம் மட்டும் சொல்லும்படி என்னிடம் கேட்டவள் மகள். கலியாணத்துக்கு அடுத்த வாரமே கேட்டாள். அதைச் சொன்னேன். அவர் தன் மனைவியைப் பார்த்தார். "புள்ளைங்களுக்கு நம்மளக் கண்டா அவ்வளவு பயமா?" என்றார்.

"வந்தா என்ன செய்யிறதா உத்தேசம்?" என்று கேட்டேன்.

"வந்தா நீங்க தப்புன்னா நான் சொல்லுவனுங்க."

"நானும் சொல்லுவன்."

"அப்பச் சரிங்க. வர்றோம்."

சம்பந்தியம்மா தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டார். என் மனைவி மேசைக்கு அடியில் அவருடைய கையைப் பிடித்ததை நான் பார்த்தேன்.

மெல்பேர்னில் அப்போது விடியற்காலை. மகள் அந்த நேரத்தில் விழித்திருப்பாள் என்று மனைவி சொன்னதால் அழைத்தோம். முதல் மணியிலேயே எடுத்தாள். பயணம் எப்படி என்று கேட்டாள். "நானும் மாமாவும் சண்டை பிடிச்சனாங்கள்" என்றேன். தொடர்பு அறுந்துவிட்டதா என்று கைப்பேசியைப் பார்த்தேன். அதற்குள் சம்பந்தி அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"அம்மணி, நாங்க வர்றோம்மா. டிக்கெட் போடச் சொல்லு அவனை. உங்கப்பா எண்ணத் தெரியாம நாலு நாளா என்னையப் பாடாப் படுத்திட்டாரு."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குக் கேட்கவில்லை. சம்பந்தியைக் கேட்டேன். ரெண்டும் என்றார்.

சொன்னபடி, பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே வந்து இறங்கினார்கள். பின்பக்கத்து அறை அவர்களுக்கு. வந்த மூன்றாம் நாள், மருமகன் வாங்கி வைத்திருந்த குழந்தைக் கட்டிலைப் பொருத்தும் வேலையை நானும் சம்பந்தியும் எடுத்துக்கொண்டோம். பலகைகளும் திருகாணிகளும் ஒரு பெட்டியில் வந்திருந்தன. கூடவே படங்கள் மட்டும் உள்ள தாள் ஒன்று, எழுத்தே இல்லை. கட்டையான பலகை கால் பக்கம் வரவேண்டும் என்றார் அவர். தலைப் பக்கம் என்றேன் நான். படத்தில் குழந்தை இல்லாததால் எது தலை எது கால் என்று நிரூபிக்க முடியவில்லை. எங்கள் குரல் வரவேற்பறைவரை போயிருக்க வேண்டும். மருமகன் கதவடியில் வந்து நின்றான். கையைப் பிசைந்துகொண்டு, "அப்பா... மாமா..." என்றான்.

"உடுறா அவங்கள" என்று அங்கிருந்து அவன் தாயின் குரல் வந்தது. "நல்லாத்தான் இருக்காங்க."

அவன் போகவில்லை. கதவு நிலையில் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அன்று அவன் புல்லுக்குத் தண்ணீர் விடவில்லை.

ஒரு மணி நேரத்தில் கட்டில் நின்றது. ஒரு திருகாணி மிஞ்சியது. அது உபரியாகப் போட்டிருப்பார்கள் என்றார் சம்பந்தி. உபரி என்று ஒன்று கிடையாது, எங்கேயோ விட்டிருக்கிறோம், கழற்றுங்கோ என்றேன். முணுமுணுத்துக்கொண்டே முட்டிபோட்டு உட்கார்ந்தார்.

"இந்த வேகத்துல போனா மூணு மாசம் பத்தாதுங்க சம்பந்தி. விசாவ நீட்டத்தான் வேணும்."

திருகாணி கழற்றும் சாவியைக் கேட்டுக் கையை நீட்டினேன். பெட்டியில் இருந்த இரண்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிழையான சாவி. பிழை என்று சொன்னேன்.